கணு தப்பிய துளை: தாண்டிக்குடியில் உடைந்த ஒரு மிளகு ஏணி

தை மாதக் கடைசியில், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு அருகே ஒரு தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து விழுந்தார். எட்டடி உயரம்தான் இருக்கும். வலது மணிக்கட்டு முறிந்தது. ஜீப்பில் வத்தலக்குண்டுக்கு இறக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள். பறிப்பு மும்முரமாக நடந்த நேரம். அந்தப் பருவம் முழுவதும் அவரால் கொடியைத் தொட முடியவில்லை.

உடைந்த ஏணி புதியது, முந்தைய ஆடியில் செய்தது. அதனால் தோட்டத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: "புது ஏணி தானாக உடையாது. ஆள்தான் குதித்து ஏறியிருக்க வேண்டும்." இந்த முடிவுக்குப் பின்னால் பணமும் இருந்தது. தவறு ஆள் மேல் என்றால் மருத்துவச் செலவும் போன கூலியும் அவர் தலையில். தவறு ஏணி மேல் என்றால் தோட்டத்தின் தலையில். தோட்டத்து மேஸ்திரி நியாயம் பார்ப்பவர். யார் சொல்வது சரி என்று சோதித்துச் சொல்லுங்கள் என்று ஏணியை இரண்டு கட்டாகக் கட்டி, திண்டுக்கல் பக்கம் நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியின் சோதனைக் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்.

கம்பியும் கான்கிரீட்டும் உடைத்துப் பார்க்கும் கூடம் எங்களுடையது. மூங்கில் எப்போதாவது மாணவர்களின் திட்டப்பணிக்காக வரும். இது அப்படி வந்த மூங்கில் இல்லை. ஒருவருடைய மூன்று மாதக் கூலி இதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே நடந்ததை, நாங்கள் வழி தவறிய இடத்தையும் விடாமல், எழுதிவைக்கிறேன்.

ஏணியும் உடைவும்

சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி முப்பது அடிக்கு மேலும் போகும். மலைச் சரிவில் இரண்டு கால் ஏணியை நிறுத்தினால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒற்றைக் கழி ஏணிதான் தோதுப்படும். ஒரே மூங்கில் கழி, குறுக்கே துளைகள், துளைகளில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்குச்சிகள். மரத்தில் சாய்த்து, நுனியைக் கயிற்றால் கட்டிவிட்டு ஏறுவார்கள்.

இந்த ஏணிக்கு இருபதடி முள்மூங்கில் கழி எடுத்திருந்தார்கள். உடைந்த இடத்தில் வெளி விட்டம் 75 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 10 மில்லிமீட்டர். படிக்குச்சிகள் காப்பிக் கம்பில் சீவியவை, 25 மில்லிமீட்டர் பருமன். தரையிலிருந்து இரண்டரை அடியில் முதல் துளை, அதற்கு மேல் அடிக்கு ஒன்று. அளவுநாடா பிடித்துக் குறித்து, டிரில் இயந்திரத்தால் போட்ட துளைகள். வரிசை பிசகாமல், விளிம்பு சிதறாமல் இருந்தன. பார்வைக்கு அழகான வேலை.

உடைவை முதலில் விரலால் தடவிப் பார்த்தேன். முறிவென்றால் நார்கள் துடைப்பம்போல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இங்கே ஒரு நார்கூட அறுந்திருக்கவில்லை. கழி பிளந்திருந்தது. ஆறாம் துளையின் கீழ் விளிம்பில் தொடங்கிய வெடிப்பு, நூல் பிடித்ததுபோல் நேராக இறங்கி ஐந்தாம் துளையில் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு துளைகளும் ஒரே கணுவிடைக்குள் இருந்தன. அந்தக் கணுவிடையின் நீளம் 38 சென்டிமீட்டர். ஆறாம் துளை மேல் கணுவுக்கு 3 சென்டிமீட்டர் கீழே. ஐந்தாம் துளை அடிக் கணுவுக்கு 5 சென்டிமீட்டர் மேலே.

வெடிப்பின் உள்முகத்தை விளக்கொளியில் பார்த்தோம். கீழ்ப்பகுதி வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. ஆறாம் துளையை ஒட்டிய இரண்டு விரற்கடை மட்டும் பழுப்பேறி, ஓரத்தில் பூஞ்சணக் கறுப்பு படிந்திருந்தது. பூஞ்சணம் ஒரே நாளில் பிடிப்பதில்லை. அந்த இரண்டு விரற்கடை வெடிப்பு விபத்துக்கு முன்பே, ஒரு மழைக்காலத்தையாவது பார்த்திருக்கிறது. இதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, அதை மேலும் யோசிக்காமல் இயந்திரத்தைத் தயார்செய்யப் போய்விட்டேன்.

இழுத்துப் பார்த்தோம்

மூங்கிலின் வலு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இழுவிசைதான். எங்களுக்கும் அதுதான் வந்தது. மூங்கில் சோதனைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6874 இருக்கிறது, உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 22157 இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏணியின் உடையாத பகுதியிலிருந்து பிளாச்சுகள், அதாவது நீளவாக்கில் கிழித்த பட்டைகள், எடுத்தோம்.

பிளாச்சை அப்படியே இயந்திரத்தின் பிடியில் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இறுக்கினால் பிடிக்குள்ளேயே நசுங்கி உடையும். தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூங்கிலின் தோலில் சிலிக்கா இருப்பதால் அவ்வளவு வழவழப்பு. அதனால் பிளாச்சை உடுக்கை வடிவத்தில் சீவ வேண்டும், நடுவில் இடை சிறுத்து, இரு முனையும் அகன்று. அகன்ற முனைகளில் மெல்லிய மரச்சில்லுகளை எப்பாக்சிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, அந்தச் சில்லைத்தான் பிடியில் கொடுக்க வேண்டும். இடையில் உடைந்த மாதிரி மட்டுமே கணக்கில் சேரும். பிடியருகே உடைந்ததைத் தள்ளிவிட வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து சீவியதில் பாதிக்கு மேல் அப்படித் தள்ளுபடி ஆனது.

தேறியவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். இடையில் அகலம் 4 மில்லிமீட்டர், தடிமன் முழுச் சுவர், 10 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்பு 40 சதுர மில்லிமீட்டர். சுமை ஏற ஏற முதலில் முறுக்கு கடிப்பதுபோல் சின்னச் சின்ன நொறுங்கல் சத்தம் கேட்டது. பிறகு ஓலைவெடி வெடித்ததுபோல் அறுந்தது. அறுந்தபோது சுமை 7,200 நியூட்டன். பரப்பால் வகுத்தால் 180 மெகாபாஸ்கல். ஒரு மெகாபாஸ்கல் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 100 கிராம் எடை தொங்குவது. சுண்டுவிரலைவிட மெலிந்த குச்சி ஒன்று 730 கிலோவைத் தாங்கியிருக்கிறது. கட்டடங்களில் போடும் சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும். ஆனால் அதே அளவு எஃகு மூங்கிலைப்போல் பத்து மடங்குக்கு மேல் எடை இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் மூங்கில் எஃகை வெல்லும் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இந்த வலு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழியைக் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை மணல்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால், வெளிர்மஞ்சள் பரப்பில் கேழ்வரகைக் கொட்டியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாய்க்கற்றை. அதைச் சுற்றி நார்க்கட்டு. தோல் பக்கம் புள்ளிகள் சிறியவை, நெருக்கமானவை. உள்பக்கம் பெரியவை, அரிதானவை. மொத்தத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு நார், 50 விழுக்காடு மென்திசு, 10 விழுக்காடு நீர்க்குழாய்கள். வளைக்கும்போது இழுவை அதிகமாக விழுவது வெளிச்சுவரில். மூங்கில் தன் நாரையெல்லாம் அங்கேதான் சேர்த்துவைத்திருக்கிறது. பதினான்கு வருடம் கம்பியும் கான்கிரீட்டும் பார்த்த கண்ணுக்கு இந்த வெட்டுமுகம் இன்னும் அலுக்கவில்லை.

கணுவைச் சேர்த்து வெட்டிய பிளாச்சுகளையும் இழுத்தோம். அவை குறைவாகவே தாங்கின, 120 மெகாபாஸ்கலை ஒட்டி. கணுவில் நார்கள் நேராகப் போகாமல் வளைந்து நெளிந்து போவதால் அங்கே இழுவலு குறையும். இது தெரிந்த விஷயம்தான். பட்டியலில் ஒரு வரியாக எழுதிக்கொண்டோம்: கணு பலவீனமான இடம்.

பிறகு கணக்கு. ஆள் 60 கிலோ, இடுப்பில் கட்டிய மிளகுப் பை 15 கிலோ, மொத்தம் 75. சாய்ந்து நிற்கும் கழியின் நடுவில் இந்தச் சுமை விழுந்தால் வளைவினால் வரும் இழுவிசை 13 மெகாபாஸ்கல். கழி தாங்குவதோ 120க்குக் குறையவில்லை. ஒன்பது மடங்கு பாதுகாப்பு. அறிக்கையின் முதல் வரைவில் "கழி தரமானது, சுமைக்குப் போதுமானதற்கு மேல் வலுவானது" என்று எழுதினோம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படியே அனுப்பியிருந்தால், விழுந்தவர் குதித்ததால்தான் ஏணி உடைந்தது என்று கல்லூரி முத்திரை குத்திக் கொடுத்ததாக ஆகியிருக்கும். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோதுதான் பழுப்பேறிய அந்த இரண்டு விரற்கடை நினைவுக்கு வந்தது. ஒரு நாரும் அறுபடாத உடைவுக்கு, நாரை அறுத்துப் பார்த்து விளக்கம் எழுதியிருந்தோம்.

"வலது காலை வைத்தேன்"

அடுத்த ஞாயிறு பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு பஸ் ஏறினேன். விழுந்தவர் வீட்டுத் திண்ணையில் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி விழுந்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஏற்கெனவே பலர் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வலது காலை வைத்தேன் சார். எப்போதும் வைக்கிற மாதிரிதான் வைத்தேன். குச்சி அப்படியே கீழே போய்விட்டது."

கையை ஆட்ட முடியாது என்பதால், கொல்லையில் கிடந்த இன்னொரு ஏணியைத் தன் மகனை நிமிர்த்தச் சொல்லி, அவனை ஏறவைத்துக் காட்டினார். பையன் வலது பாதத்தை வலப்பக்கக் குச்சியில் வைத்தான். முழு எடையும் அதில் ஏறியது. இடது கால் அப்போது காற்றில். பாதத்தின் நடு, கழியின் சுவரிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அங்கேயே கணக்குப் போட்டேன்.

என் பழைய கணக்கில் 75 கிலோவும் கழிக்கு மேல் நடுவாக இறங்கியது. இரு சுவரும் பாதிப் பாதி தாங்கின. உண்மையில் நடப்பது கடப்பாறை வேலை. குச்சி கழிக்குள் இரண்டு சுவர்களைத் தொடுகிறது. ஒரு சுவரின் நடுவிலிருந்து மறு சுவரின் நடுவுக்கு 65 மில்லிமீட்டர். பாதம் வெளியே 100 மில்லிமீட்டர் தள்ளி அழுத்துகிறது. அப்படியென்றால் அருகிலுள்ள சுவரின் துளையில் குச்சி கீழ்நோக்கி அழுத்துவது 190 கிலோ. எதிர்ச்சுவரின் துளையில் மேல்நோக்கி நெம்புவது 115 கிலோ. இரண்டும் கழிந்து மிச்சம்தான் அந்த 75. ஒரு சுவருக்கு 38 கிலோ என்று நாங்கள் எழுதிய இடத்தில் உண்மையில் 190 கிலோ இறங்கியிருக்கிறது, அதுவும் நிதானமாகக் கால் வைத்தபோதே. சட்டென்று எடையை மாற்றினால் கணக்குப்படி அது இரட்டிப்பாகும்.

உருண்டைக் குச்சி உருண்டைத் துளையின் கீழ் விளிம்பை அழுத்தும்போது, விறகில் ஆப்பு இறங்குவதுபோல் பக்கவாட்டில் விலக்கவும் செய்கிறது. நீளவாக்கில் 180 மெகாபாஸ்கல் தாங்கும் மூங்கில், நாருக்குக் குறுக்காக விலக்கினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மெகாபாஸ்கலில் விட்டுவிடும். காரணம் அதன் உடலமைப்பு. மூங்கில் மரமல்ல, புல். மரத்தில் மையத்திலிருந்து பட்டைவரை குறுக்கே ஓடும் கதிர்த்திசுக்கள் உண்டு. அவை நார்களைத் தைத்துப் பிடித்திருக்கும். மூங்கிலின் கணுவிடையில் அந்தத் தையல் இல்லை. எல்லா நாரும் ஒரே திசை, இடையில் மென்திசு மட்டுமே. கூடை முடைபவர்கள் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுக் கையாலேயே ஆள் உயரத்துக்குக் கிழித்துக்கொண்டு போவது இதனால்தான்.

கணு என்னும் காவல்

அந்தத் தோட்டத்துக்கு முன்பெல்லாம் ஏணி செய்து கொடுத்தவர் கீழே ஒரு பளியர் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பார்வை மங்கியதால் ஏணி வேலையை விட்டுவிட்டார். அதன் பிறகுதான் தோட்டம் அளவுநாடாவும் டிரில்லும் வைத்திருந்த தச்சரிடம் போனது. தச்சர் மேல் எனக்கு வருத்தமில்லை. கதவும் கட்டிலும் செய்த கை, படிகளைச் சம இடைவெளியில் வைத்தது. கணுவில் துளை போடுவது கடினம் என்பதால் கணுவைத் தொடாமல் விலகியும் போயிருந்தது.

பெரியவரிடம் உடைந்த துண்டைக் கொடுத்தேன். கட்டைவிரலால் ஆறாம் துளையைத் தேடி, அங்கிருந்து மேலே நகர்த்திக் கணுவைத் தொட்டார். பிறகு கீழே நகர்த்தினார். விரல் வெகுதூரம் போய் ஐந்தாம் துளைக்குள் விழுந்தது.

"கணுவுக்குக் கீழே கண் திறந்திருக்கிறார்கள். மேலேதான் திறக்க வேண்டும். கணு உட்கார்ந்து தடுக்கும்."

அவருடைய ஏணிகளில் படிகளின் இடைவெளி சீராக இருக்காது என்று மேஸ்திரி முன்பு குறையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மூங்கிலின் கணுக்களே சீரான இடைவெளியில் இருப்பதில்லை. அடியில் நெருங்கி இருக்கும், நடுப்பகுதிவரை விலகிக்கொண்டே போகும், நுனிப் பக்கம் மறுபடி நெருங்கும். படி கணுவைப் பின்தொடர்ந்தால் ஏணியும் அப்படித்தான் இருக்கும். கணுவுக்கு இரண்டு விரல் மேலே, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை. துளைக்கு மேலும் கீழும் ஆனைக்கற்றாழை நார்க்கயிற்றால் நெருக்கமாக ஏழெட்டுச் சுற்று. முடிந்தால் துளையே போடுவதில்லை என்றும் சொன்னார். முள்மூங்கிலின் கணுக்களில் கிளைகள் தடியாக வரும். அவற்றை ஒரு சாண் விட்டு வெட்டினால் அதுவே படி. கழியின் நாரே கிளைக்குள் தொடர்ந்து போவதால் அங்கே பிளக்க எதுவும் இல்லை. தமிழில் இதற்குக் கண்ணேணி என்று பெயர் உண்டு. அந்தச் சொல்லில் கண் என்பது கணுதான். சங்கப் பாடல்களில் மலைத்தேன் எடுப்பவர்கள் ஏறும் மால்பு என்பதும் இதுவே.

இழுவைப் பட்டியலில் நாங்கள் பலவீனம் என்று எழுதிய இடம், பிளவுக்குக் காவல். நாரை வளைத்து நெளித்து இழுவலுவைக் குறைக்கிற அதே பின்னல்தான், நீளவாக்கில் ஓடிவரும் வெடிப்பை மறிக்கிறது. போதாததற்கு உள்ளே ஒரு குறுக்குத் தட்டும் இருக்கிறது.

தொங்கவிட்டுப் பார்த்தோம்

கூடத்துக்குத் திரும்பி, இந்த முறை ஏணியைப்போலவே சோதித்தோம். அதே கழியிலிருந்து 40 சென்டிமீட்டர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை, ஒரு குச்சி. துண்டை நிமிர்த்திப் பிடித்து, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் குச்சியில் கொக்கி மாட்டி மணல் மூட்டைகளை ஏற்றினோம். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

கணுவிடையின் நடுவில் துளை போட்ட துண்டுகள் 90லிருந்து 120 கிலோவுக்குள் பிளந்தன. பிளந்தபோது வெடிப்பு எதிலும் நிற்கவில்லை, அடிவரை ஓடியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. துணி கிழிவதுபோல் ஒன்று, அவ்வளவுதான். கணுவுக்கு இரண்டு விரல் மேலே துளை போட்ட துண்டுகளிலும் ஏறக்குறைய அதே சுமையில்தான் கீறல் தொடங்கியது. ஆனால் கணுவில் வந்து நின்றது. மேலும் மூட்டை ஏற்றினோம், கீறல் நகரவில்லை. 150 கிலோவை நெருங்கியபோது காப்பிக் கம்பே முறிந்தது.

பழுப்பேறிய இரண்டு விரற்கடைக்குத் தனியாக விடை தேடினோம். மரம் ஓரளவு காய்ந்த பிறகே சுருங்கத் தொடங்கும். மூங்கில் வெட்டிய நாளிலிருந்தே சுருங்கும். இளம் கழியானால் இன்னும் அதிகம். முதல் வருடக் கழியில் வெள்ளை மாவு படிந்திருக்கும், கணுவில் பாளை ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வருடம் முற்றிய கழியில் பாளை உதிர்ந்து பாசித்திட்டுகள் ஏறியிருக்கும். உடைந்த கழியின் தோலில் மாவு இன்னும் கையில் ஒட்டியது. இளசாகவும் பச்சையாகவும் இருந்தபோது துளை போட்டு, காய்ந்த காப்பிக் கம்பைச் சுத்தியால் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் கம்பு ஊறிப் பருத்தது. கழியோ காய்ந்து சுருங்கப் பார்த்தது. துளையின் விளிம்பு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இதையும் செய்து பார்த்தோம். ஒரு புதுக் கழித்துண்டில் குச்சியை இறுக்கி அடித்து, நான்கு நாள் ஈரச் சாக்கில் சுற்றி, நான்கு நாள் வெயிலில் வைத்து, மூன்று முறை மாற்றினோம். மூன்றாம் முறை துளைக்குக் கீழே நகத்தால் தடவினால் தட்டுப்படும் மயிரிழைக் கீறல் வந்துவிட்டது. அந்தத் துண்டு 55 கிலோவில் பிளந்தது. விழுந்தவர் பையுடன் 75 கிலோ.

நாரின் பங்கு

பெரியவர் கட்டிய கற்றாழை நார்க்கயிறு உண்மையிலேயே உதவுகிறதா அல்லது பழக்கத்தால் கட்டியதா என்று ஒரு கேள்வி மிச்சமிருந்தது. கணுவிடை நடுவில் துளை போட்ட துண்டுகளிலேயே, துளைக்குக் கீழே அவர் சொன்னபடி எட்டுச் சுற்றுக் கட்டித் தொங்கவிட்டோம். கீறல் வந்தது, கயிற்றுக்குக் கீழே போகவில்லை. கட்டுக்கம்பியால் சுற்றியதும் அதே வேலையைச் செய்தது. ஆனால் கழி காய்ந்து சுருங்கினால் கம்பிச் சுற்று தளர்ந்து கழன்று நிற்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி முறுக்க வேண்டும்.

நாரைத் தனியாகவும் சோதித்தோம். ஒற்றை நாரை இயந்திரத்தில் நேராகக் கொடுக்க முடியாது, பிடியே அறுத்துவிடும். தடித்த காகிதத்தில் சன்னல்போல் ஒரு சதுரம் வெட்டி, நாரை அதன் நடுவில் நீட்டி இரு முனையும் பசையிட்டு, காகிதத்தைப் பிடியில் மாட்டிய பிறகு சன்னலின் இரு ஓரங்களையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் சுமை முழுவதும் நாருக்குப் போகும். கை சற்று நடுங்கினாலும் நாரும் சேர்ந்து வெட்டுப்படும். 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார் ஒன்றரைக் கிலோ அளவில் அறுந்தது, அதாவது 500 மெகாபாஸ்கலை ஒட்டி. சன்னலை நீளமாக வெட்டினால் சராசரி குறைந்தது. நீளமான நாரில் எங்காவது ஒரு குறை இருக்கும் வாய்ப்பு அதிகம், சங்கிலி அதன் நோஞ்சான் கண்ணியில் அறுவதுபோல. சுவீடன் பொறியாளர் வைபுல் 1939இலும் 1951இலும் கணக்காக எழுதிய உண்மை இது. நாரின் வலு என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்பவர் எந்த நீளத்தில் இழுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்து நார்களைச் சோதிப்பது புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளைக் கவனித்துக்கொண்ட தாவரவியலாளர் இராபர்ட் வைட், கயிறாகத் திரித்த நார்கள் அறுபடும் எடைகளைக் குறித்துவைத்தார்: எருக்கு 552 பவுண்டு, சணப்பு 407, கற்றாழை 362, பருத்தி 346, தேங்காய் நார் 224. இந்த வரிசையைப் பார்த்துத் தேங்காய் நாரைக் கடைசியில் தள்ளத் தோன்றும். ஆனால் கப்பல்காரர்கள் விரும்பி எடுத்தது அதைத்தான். அறுவதற்கு முன் அது நன்றாக நீளும். அலையில் கப்பல் வெட்டி இழுக்கும்போது அந்த நீட்சி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பெரியவர் கற்றாழையை எடுத்ததும் இதே அறிவுதான், எதிர்ப்பக்கமாக. ஏணிக் கட்டு நீளக் கூடாது. கற்றாழை நார் இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் நீளாமல் அறுந்துவிடும், அதுவரை விட்டுக்கொடுக்காது.

அறிக்கை

பழைய வரைவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். கழியின் இழுவலு போதுமானது. உடைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆறாம் துளை கணுவுக்குக் கீழே போடப்பட்டதாலும், இளங்கழியில் பச்சையாகத் துளையிட்டு இறுக்கியதாலும், துளையைச் சுற்றிக் கட்டு இல்லாததாலும் விபத்துக்கு முன்பே வெடிப்பு இருந்திருக்கிறது. ஏறியவர் வழக்கமாகக் கால் வைத்தாலே அந்த வெடிப்பு ஓடிவிடும். குதிக்க வேண்டிய தேவையில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று முறை திருத்தினேன், யாரும் வேறு பொருள் எடுத்துவிடாதபடி. மேஸ்திரி அதைத் தோட்டத்து முதலாளிக்கு வாசித்துக் காட்டினார். மருத்துவச் செலவையும் பருவக் கூலியையும் கொடுத்துவிட்டார்கள்.

அதே தோட்டத்தில் அதே கை செய்த ஏணிகள் இன்னும் நான்கு இருந்தன. ஒவ்வொரு துளையையும் பார்த்தோம். இரண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல்கள் இருந்தன. அவற்றைப் பந்தலுக்குக் கால் நடக் கொடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டில், கணுவுக்குக் கீழே இருந்த துளைகளைச் சுற்றி மேலும் கீழும் கட்டுப் போட்டோம்.

படிக்குச்சியைத் தடிமனாக்கலாமே என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. 25 மில்லிமீட்டரை 30 ஆக்கினால் குச்சியின் வளைவலு ஒன்றே முக்கால் மடங்காகும், ஆனால் துளை பெரிதாகிக் கழியின் சுவர் குறையும். குச்சியை நீளம் குறைத்துப் பாதம் கழியை ஒட்டி நிற்கச் செய்வது அதைவிட மேல். பாதம் 10 சென்டிமீட்டரிலிருந்து 6 சென்டிமீட்டருக்கு வந்தால், அருகுச் சுவரில் இறங்கும் 190 கிலோ 144 ஆகக் குறையும். ஒரு காசு செலவில்லை.

புது ஏணிகளுக்குத் தோட்டத்து ஓடையோரப் புதரிலேயே முற்றிய கழி வெட்டினார்கள். 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வைத்திருந்தவரை சொந்த நிலத்து மூங்கிலுக்கும் அனுமதிச் சீட்டுத் தொல்லை இருந்தது. வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து எடுத்தது 2017ஆம் ஆண்டுத் திருத்தம். வெட்டிய கழிகளை நிழலில் சாய்த்து மூன்று மாதம் காயவிட்டார்கள். துளை போடும் நாளில் பெரியவரை ஜீப்பில் அழைத்துவந்தார்கள். அவர் கணுக்களை விரலால் தடவித் தடவிச் சொல்ல, தச்சர் பென்சிலால் குறித்தார். சில இடங்களில் படி ஒன்பது அங்குலத்தில் வந்தது, சில இடங்களில் பதினான்கு. டிரில் தச்சருடையதுதான், காய்ச்சிய கம்பிதான் வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அடுத்த பறிப்புப் பருவத்தில் ஒரு முறை போய்ப் பார்த்தேன். மணிக்கட்டு தேறியவர் மேலே கொடியில் இருந்தார். ஏணிக்குக் கீழே மேஸ்திரி என்னை உட்காரச் சொல்லி நான்காம் படியைக் காட்டினார். துளைக்குக் கீழே மயிரிழைபோல் ஒரு கீறல். அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கார்த்திகை என்று எழுதியிருந்தது. அப்போது மாசி. கீறல் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்குக் கீழே, ஒரு விரல் இடைவெளியில், கணு இருந்தது.